பள்ளிக்கு வரி இல்லை: பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டிப் பயணக் குறிப்புகள்

வியாழன்

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டிலிருந்து 360-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, அமீலியாவைத் தாண்டி 307-க்கு மாறி, பிறகு 460-இல் ஏறினால் ஃபார்ம்வில் வந்துவிடுகிறது. வழியெல்லாம் பைன் மரம். பைன் முடிந்த இடத்தில் வெட்டிய பைன். அதுவும் முடிந்த இடத்தில் பைன் ஏற்றிய லாரி. மண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. மலையும் இல்லை, சமவெளியும் இல்லை. மேடும் பள்ளமுமாகப் போகும் இந்த நிலத்தைப் பீட்மான்ட் என்கிறார்கள். அக்டோபர் கடைசி என்பதால் இடையிடையே ஓக், மேப்பிள் மரங்கள் நிறம் மாறி நின்றன.

காரை ஓட்டியவர் என் மைத்துனர். ரிச்மண்ட் பக்கம் பல ஆண்டுகளாக வேலையில் இருப்பவர். நான் பார்க்க வந்தது, கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்க மறுத்து 1959-இல் பொதுப் பள்ளிகளையே மூடிய பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியை. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. அதைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஃபார்ம்வில்லின் பழைய புகையிலைக் கிடங்குகளில் நடக்கும் பிரம்மாண்டமான மரச்சாமான் கடை. "அத்தான், நீங்கள் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள், நான் நாற்காலி பார்க்கிறேன்" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டார்.

கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 350 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 22 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். 1754-இல் அமீலியாவிலிருந்து பிரித்து உருவாக்கி, பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் தம்பி பெயரை வைத்தார்கள். அந்த மன்னருக்கு எதிராகவே கிளர்ச்சி செய்த பேட்ரிக் ஹென்றி, சுதந்திரத்துக்குப் பின் 1780-களில் இங்கேயே வந்து சில ஆண்டுகள் குடியிருந்தார் என்பது வேடிக்கை.

வெர்ஜீனியாவின் நிர்வாகக் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. இங்கே 95 கவுண்டிகள். 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனித்து நிற்கின்றன. ஃபார்ம்வில் அப்படிப்பட்ட 'நகரம்' இல்லை, 'டவுன்'. எனவே அது கவுண்டிக்குள் அடக்கம். அதன் ஒரு துண்டு ஆற்றுக்கு அப்பால் கம்பர்லாண்ட் கவுண்டிக்குள்ளும் கிடக்கிறது. இந்த விவரம் எதற்கு என்று கேட்கலாம். ஊருக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் பள்ளி ஒன்றே, கல்லாப்பெட்டி ஒன்றே. அந்தப் பெட்டிக்குச் சாவி போர்ட் ஆஃப் சூப்பர்வைசர்ஸ் எனப்படும் கவுண்டி மன்றத்திடம். பள்ளிகளை நடத்தத் தனியாக ஒரு பள்ளி வாரியம் உண்டு. ஆனால் வரி போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் கதையே இதில்தான் இருக்கிறது.

மாலையில் அப்போமட்டாக்ஸ் ஆற்றைப் பார்த்தோம். கவுண்டியின் வடக்கு எல்லை இதுதான். பெயர் கேட்டுப் பெரிதாக எதிர்பார்த்தால் ஏமாற்றம். குறுகலான, கலங்கிய ஆறு. ஆனால் ரயில் வருவதற்கு முன்னால் பேட்டோ எனப்படும் நீண்ட தட்டைப் படகுகளில் புகையிலையை ஏற்றிப் பீட்டர்ஸ்பர்க் வரை கொண்டுபோனது இதே தண்ணீரில்தான். படகு ஏறி வரக்கூடிய கடைசி இடம் என்பதால்தான் 1798-இல் இங்கே ஊர் அமைந்தது. கவுண்டித் தலைமையிடம் அப்போது வர்ஷம் கிராமத்தில் இருந்தது. 1870-களின் தொடக்கத்தில் இங்கே மாறியது. வர்ஷமில் கடனாளிகளை அடைத்துவைத்த 1787-ஆம் ஆண்டு மரக்கட்டைச் சிறை இன்னும் நிற்கிறது.

வெள்ளி

இன்று முழுக்க மோட்டன் அருங்காட்சியகம். கிரிஃபின் பொலவார்டில் ஒற்றை மாடிச் செங்கல் கட்டடம். டஸ்கீகி கல்லூரியில் புக்கர் வாஷிங்டனுக்குப் பின் தலைமைப் பொறுப்பேற்ற ராபர்ட் ரூசா மோட்டன் இந்தக் கவுண்டியில் வளர்ந்தவர்; அவர் பெயரில் 1939-இல் கறுப்பின மாணவர்களுக்காகக் கட்டிய உயர்நிலைப் பள்ளி இது. 180 பேருக்கு என்று கட்டினார்கள். 1951-இல் 450-க்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, உணவுக்கூடம் கிடையாது, அறிவியல் ஆய்வகம் கிடையாது. அரங்கம் ஒன்று உண்டு. அதிலேயே ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கும்.

பெற்றோர் புதிய கட்டடம் கேட்டார்கள். கவுண்டி கொடுத்தது, மரச்சட்டத்தின் மேல் தார்க் காகிதம் அடித்த கொட்டகைகள். வெளியூர்க்காரர்கள் அவற்றைக் கோழிப்பண்ணை என்று நினைத்தார்களாம். குளிர்காலத்தில் ஓர் அடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வியர்க்கும், கடைசி வரிசைக்காரன் கோட்டைக் கழற்ற முடியாது. மழை பெய்தால் கூரை ஒழுகும். வெள்ளையர் பள்ளி ஓட்டித் தேய்த்துக் கழித்த பஸ்கள்தான் இவர்களுக்கு வந்தன.

அரங்கத்தில் அந்த மேடை இருக்கிறது. மரத்தரை நடக்கும்போது லேசாக முனகுகிறது. மேடை உயரமே இல்லை, என் முழங்கால் அளவைவிடச் சற்றுக் கூடுதல். 1951 ஏப்ரல் 23 அன்று இதன் திரை விலகியபோது, தலைமை ஆசிரியர் நிற்கவேண்டிய இடத்தில் பார்பரா ரோஸ் ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி நின்றாள்.

திட்டம் எவ்வளவு கச்சிதமானது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் தலைமை ஆசிரியர் பாய்ட் ஜோன்ஸை அப்புறப்படுத்த வேண்டும். உங்கள் மாணவர்கள் சிலர் பஸ் நிலையத்தில் வம்பில் மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பு. அவர் ஓடினார். உடனே எல்லா வகுப்புகளுக்கும் 'அரங்கத்தில் கூட்டம்' என்று துண்டுச்சீட்டு. தலைமை ஆசிரியர் வழக்கமாகக் கையெழுத்துக்குப் பதில் போடும் 'ஜே' என்ற ஓர் எழுத்தே அதில் இருந்தது. ஜான்ஸுக்கும் ஜோன்ஸுக்கும் முதலெழுத்து ஒன்றுதானே! எல்லோரும் வந்து அமர்ந்ததும் ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். தயங்கியவர்களைப் பார்த்துத் தன் காலணியைக் கழற்றித் தட்டி அதட்டியிருக்கிறாள். பிறகு பேசினாள். புதிய பள்ளி வரும்வரை வகுப்புக்குள் போவதில்லை என்று 450-க்கும் மேற்பட்டவர்கள் எழுந்து வெளியேறினார்கள்.

பார்பரா சும்மா இருந்து திடீரென்று பொங்கியவள் அல்ல. இசை ஆசிரியை இனெஸ் டேவன்போர்ட்டிடம் பள்ளியின் நிலையைச் சொல்லிப் புலம்பியபோது, "நீ ஏதாவது செய்யக்கூடாதா?" என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்ததாம். ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றவளைக் கடந்து, வெள்ளையர் பள்ளி பஸ் பாதி காலியாகப் போனது. அன்றைக்கு முடிவு செய்தாள். மாதக்கணக்கில் ரகசியமாக ஆள் சேர்த்தாள். ஜான் ஸ்டோக்ஸ், கேரி ஸ்டோக்ஸ் போன்ற மாணவர் தலைவர்கள் கூடச் சேர்ந்தார்கள். பெற்றோரிடம் சொல்லவில்லை. நான் அந்தப் பெற்றோரின் இடத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் வந்தார்கள். நல்ல கட்டடம் கேட்டு வழக்காட மாட்டோம், தனித்தனிப் பள்ளி என்ற முறையையே எதிர்ப்பதாக இருந்தால் வருகிறோம் என்றார்கள். பிள்ளைகள் சம்மதித்தார்கள். மே 23 அன்று 117 மாணவர்கள் பெயரில் வழக்கு. பட்டியலில் முதல் பெயர் டாரதி டேவிஸ், ஒன்பதாம் வகுப்பு. ரிச்மண்டில் மூன்று நீதிபதிகள் விசாரித்து, இந்தப் பிரிவினையால் எந்த இனத்துக்கும் கேடு இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954 மே 17 அன்று வந்த பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. அந்த ஐந்திலும் சேர்ந்த மொத்த வாதிகளில் நான்கில் மூன்று பங்கினர் இந்தச் சிறிய கவுண்டியின் பிள்ளைகள். மாணவர்களே தொடங்கிய வழக்கும் இது ஒன்றுதான். ஆனாலும் பிரவுன் வழக்கு தொடங்கிய கான்சஸ் மாநிலத்து டொபீகா பெற்ற புகழில் கால்வாசிகூட ஃபார்ம்வில்லுக்குக் கிடைக்கவில்லை.

பார்பராவுக்கு மிரட்டல் வந்ததால் அலபாமாவின் மான்ட்கமரிக்கு, பெரியப்பா வெர்னான் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன் டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தில் போதகராக இருந்தவர் அவர்; இந்தக் கவுண்டியின் டார்லிங்டன் ஹைட்ஸ் கிராமத்துக்காரர். பார்பரா பின்னாளில் ஃபிலடெல்ஃபியாவில் நூலகரானார், 1991-இல் இறந்தார். இந்த ஊர்ப் பொது நூலகத்துக்கு இன்று அவர் பெயர்.

மைத்துனர் நாற்காலி பார்க்கப் போகவில்லை. மாலை வரை கூடவே இருந்தார்.

சனி

இன்று நடை. கைவிட்ட ரயில் பாதையை 31 மைலுக்கு நடைபாதையாக்கி 'ஹை பிரிட்ஜ் டிரெயில்' என்று மாநிலப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். ஆற்றின் மேல் 2,400 அடி நீளத்தில், 125 அடி உயரத்தில் பாலம். நாம் நடப்பது 1914-இல் வந்த இரும்புப் பாலம். பக்கத்தில் 1850-களின் செங்கல் தூண்கள் மரங்களுக்கிடையே இன்னும் நிற்கின்றன.

1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் கடைசி நாள்களில், தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீயின் பசித்த படை இந்த வழியாகத்தான் பின்வாங்கியது. ஃபார்ம்வில்லில் ரயில் பெட்டிகளில் 80,000 பேருக்கான உணவுப்பொருள் காத்திருந்தது. ஆற்றைக் கடந்ததும் பாலங்களை எரித்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்பான், இவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். ரயில் பாலத்தின் சில கண்கள் எரிந்தன. ஆனால் கீழே இருந்த வண்டிப் பாலத்துக்குத் தாமதமாகத் தீ வைத்தார்கள். வடக்குப் படையினர் ஓடிவந்து அணைத்துவிட்டு அதன் மேலேயே ஆற்றைக் கடந்தார்கள். லீயின் ஆட்களில் பலர் சமைத்தும் சமைக்காமலும் ஓடவேண்டியதாயிற்று. அன்று, ஏப்ரல் 7 அன்று, சரணடையச் சொல்லி வடக்குப் படைத் தளபதி கிராண்ட் முதல் கடிதம் எழுதியது ஃபார்ம்வில்லிலிருந்துதான். இரண்டு நாளில் போர் ஏறக்குறைய முடிந்தது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் வெர்ஜீனியாவின் சார்பில் நின்ற லீயின் சிலையை 2020 டிசம்பரில் அகற்றினார்கள். அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை. ஒரே கவுண்டியிடம் இருமுறை தோற்றவர் லீ என்று மைத்துனர் கணக்குப் போட்டார்.

ஃபார்ம்வில்லுக்கு மேற்கே இஸ்ரேல் ஹில். 1796-இல் இறந்த ரிச்சர்ட் ராண்டால்ஃப் என்ற நிலக்கிழார், அடிமை முறையைக் கடுமையாகக் கண்டித்து உயில் எழுதி, தன் அடிமைகளை விடுதலை செய்து நிலமும் தரச் சொன்னார். உயில் நிறைவேறப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏறத்தாழ 90 பேர் விடுதலை பெற்று 350 ஏக்கரில் குடியேறினார்கள். படகோட்டினார்கள், தச்சு வேலை செய்தார்கள், வெள்ளையர் மேல் வழக்குத் தொடுத்து வென்றதும் உண்டு. இதே வட்டாரத்தில் 1841-இல் அடிமையாகப் பிறந்த பிளான்ச் புரூஸ், மிசிசிப்பி மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டரானார். முழுப் பதவிக்காலமும் இருந்த முதல் கறுப்பினத்தவர். இவ்வளவு பழைய வேர் இருந்தும் இந்த ஊரில் 1959-இல் பள்ளிகளை மூடியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரி. 1775 நவம்பரில் வகுப்பு தொடங்கியது. பேட்ரிக் ஹென்றியும் ஜேம்ஸ் மேடிசனும் தொடக்ககால அறங்காவலர்கள். இன்றும் ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி. அழகான வளாகம். ஃபார்ம்வில்லுக்குள் 1839-இல் பெண்கள் பள்ளியாகத் தொடங்கிய லாங்வுட் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அடுத்து வருவதைப் படிக்கும்போது இந்த இரண்டையும் மறக்க வேண்டாம். பொதுப் பள்ளியே இல்லாத ஐந்து ஆண்டுகளிலும் இந்தக் கவுண்டியில் இரண்டு கல்லூரிகள் தடையின்றி நடந்தன. லாங்வுட்டின் டீன் கார்டன் மாஸ் போன்ற சிலர் வாய் திறந்தார்கள். அதற்கு உள்ளூரில் வெறுப்பைச் சம்பாதித்தார்கள்.

ஞாயிறு

மெயின் தெருவில் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயம். பிரான்சிஸ் கிரிஃபின் போதகராக இருந்த இடம். 1951 வகுப்புப் புறக்கணிப்பின்போது பிள்ளைகள் முதலில் ஓடியது இவரிடம்தான்.

1959 செப்டம்பரில் பள்ளிகள் திறக்கவில்லை. கதவுகளில் சங்கிலி. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பிரின்ஸ் எட்வர்ட் அகாதமி என்ற தனியார் பள்ளி தயாராக இருந்தது; தேவாலய அறைகளிலும் மன்றங்களிலும் வகுப்பு தொடங்கி, 1961-இல் சொந்த வளாகத்துக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேர் தெருவில் நின்றார்கள். கட்டணம் கட்ட வழியில்லாத வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும்தான். தேவாலயங்களின் கீழ்த்தளங்களில் தன்னார்வலர்கள் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரிக்குப் போனார்கள். குவேக்கர் அமைப்பு ஒன்று வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களில் சிலரைத் தங்கவைத்துப் படிக்கவைத்தது. சிலர் கவுண்டி எல்லைக்கு அப்பால் உறவினர் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்தார்கள். மிகப் பலர் எங்கும் போகவில்லை. ஏழு வயதில் முதல் வகுப்பு போகவேண்டியவன் பதினோரு வயதில் எழுத்துக்கூட்டத் தொடங்கினான்.

1963 கோடையில் இளைஞர்கள் இந்த மெயின் தெருவிலேயே கடைகளின் முன் மறியல் செய்தார்கள். ஜூலை 28, ஒரு ஞாயிறு, வெள்ளையர் தேவாலயத்துக்குள் விடாததால் படியிலேயே உட்கார்ந்து பாடினார்கள்; போலீஸ் அவர்களைக் கைது செய்தது. அதே ஆண்டு அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, உலகில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்கள் என்று கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என வரிசையாகச் சொல்லி, கடைசியில் வெர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியைச் சேர்த்தார். செப்டம்பரில் நன்கொடைப் பணத்தில் 'ஃப்ரீ ஸ்கூல்ஸ்' திறந்தன. 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்.

பிற்பகல் கிழக்கே ட்வின் லேக்ஸ் மாநிலப் பூங்கா. அருகருகே இரண்டு ஏரிகள். ஏன் இரண்டு பூங்காவாக இருந்தன என்று ஊகிக்க முடியும். 1948-இல் டேன்வில் நகரத்து வங்கியாளர் கான்ராட் மார்ட்டினைக் கறுப்பினத்தவர் என்று வேறொரு மாநிலப் பூங்காவில் அனுமதிக்கவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். 'கறுப்பர்களுக்கும் ஒன்று' என்று காட்ட அரசு 1950-இல் ஒரு ஏரியை ஒதுக்கியது, மற்றொன்று வெள்ளையருக்கு. பின்னாளில் இரண்டையும் ஒன்றாக்கிப் பெயரை மாற்றினார்கள். ஒரு குடும்பம் வாத்துகளைத் துரத்திக்கொண்டிருந்தது. நாங்கள் கொண்டுபோன புளியோதரையைத் தின்றோம்.

திங்கள்

கடைசியாகக் கவுண்டி நீதிமன்றக் கட்டடம். 1959-ஐ இதிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும்.

பிரவுன் தீர்ப்பை எதிர்க்க செனட்டர் ஹாரி பேர்ட் தலைமையில் வெர்ஜீனியா முழுவதுமே திமிறியது. 1958-இல் ஆளுநர் அல்மண்ட், வாரன் கவுண்டி, ஷார்லட்ஸ்வில், நார்ஃபோக் ஆகிய இடங்களில் பள்ளிகளை மூடினார். 1959 ஜனவரி 19 அன்று மாநில நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அதை ரத்து செய்தன; அங்கெல்லாம் பள்ளிகள் திறந்தன. ஆகவே மூடுவதற்கு வேறு வழி வேண்டியிருந்தது. மாநிலம் கட்டாய வருகைச் சட்டத்தை நீக்கி, பள்ளி நடத்துவதை உள்ளூரின் விருப்பத்துக்கு விட்டது. செப்டம்பருக்குள் இனப் பிரிவினையை நீக்கியாக வேண்டும் என்று மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூனில் கவுண்டி மன்றம் கூடி, வரும் ஆண்டுக்குப் பள்ளிகளுக்கென்று வரி விதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அவ்வளவுதான். போலீஸ் இல்லை, கலவரம் இல்லை, ஆளுநர் வாசலில் நின்று மறிக்கவில்லை. பட்ஜெட்டில் ஒரு வரி காணாமல் போனது. அதோடு எல்லாப் பள்ளிகளும் போயின.

வன்முறை இல்லாமல் கண்ணியமாக நடந்துகொண்டோம் என்று அப்போதைய பெரிய மனிதர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கண்ணியம்தான் பொறுக்கவில்லை. கல் எறிபவனைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டலாம். வரவுசெலவுத் திட்டத்தை எப்படிப் படம் எடுப்பது? கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதைக் கூட்டம் கூடி எதிர்த்த லிட்டில் ராக் நகரத்துக்கு டெலிவிஷன் வண்டிகள் போன அளவு இங்கே வராததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

போதகர் கிரிஃபினின் பிள்ளைகள் பெயரில் நடந்த வழக்கில் 1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். நிதானமாகச் செய்யலாம் என்ற காலம் தீர்ந்துவிட்டது என்றார். அதைவிட முக்கியமானது அடுத்தது: தேவையானால், வரி விதிக்கும்படி கவுண்டி மன்றத்துக்குக் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றார். நோய் எந்த இடத்தில் என்று பிடித்துவிட்டார்கள். பள்ளிகளை நீதிமன்றம் திறக்கச் சொல்லலாமா என்பதில் இரண்டு நீதிபதிகள் மட்டும் உடன்படவில்லை.

அப்போதும் மன்றம் அடங்கவில்லை. ஜூனில் பொதுப் பள்ளிகளுக்கு 1,89,000 டாலர் ஒதுக்கியது. தனியார் பள்ளிக் கட்டண உதவிக்கு 3,75,000. ஆகஸ்ட்டில், அந்த உதவியை நீதிமன்றம் தடுத்துவிடும் என்று தெரிந்து, ஓர் இரவோடு இரவாக வெள்ளைப் பெற்றோரைக் கூப்பிட்டுக் காசோலைகளை விநியோகித்தார்கள். 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அவமதிப்பு என்றது. பொதுப் பள்ளிகள் 1964 செப்டம்பரில் திறந்தன. வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள்.

கட்டடத்தின் உச்சிக் கூண்டில் ஒரு விளக்கு எரிகிறது. 2008-இல் இதே மன்றம் ஏற்றியது. கீழே கல்லில், மூடிய கதவுகளுக்காகவும் அவற்றால் தடைபட்ட கனவுகளுக்காகவும் வருந்துவதாகப் பொறித்திருக்கிறார்கள். பகலில் அந்த வெளிச்சம் தெரியவில்லை. மாநிலம் செய்தது எனக்கு இன்னும் அதிகம் பிடித்திருக்கிறது: 2004-இல் அந்த ஆண்டுகளில் படிப்பை இழந்தவர்களுக்கென்று உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அரசு பத்து லட்சம் டாலர், செல்வந்தர் ஜான் க்ளூகி பத்து லட்சம். ஐம்பதும் அறுபதும் கடந்தவர்கள் பள்ளித் தேர்வுக்கும் கல்லூரிக்கும் உட்கார்ந்தார்கள்.

அகாதமி இன்றும் இருக்கிறது. 1980-களில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. 1993-இல் தொழிலதிபர் ஜே. பி. ஃபூக்குவா ஒரு கோடி டாலர் கொடுத்த பின் ஃபூக்குவா ஸ்கூல் என்று பெயர் மாறியது. பொதுப் பள்ளிகள் ஊருக்குத் தெற்கே ஒரே வளாகத்தில்: தொடக்கப்பள்ளி, நடுநிலை, உயர்நிலை மூன்றும். பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு நாங்கள் அந்தப் பக்கம் போனபோது மஞ்சள் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. கறுப்புப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள், இரண்டுமாக. எங்களுக்கு முன்னால் போன பஸ் நின்று நின்று போனதால் 460-ஐ எட்ட நேரமாயிற்று.

பெட்ரோல் போட நின்ற இடத்தில் மைத்துனர் கைபேசியில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். செஸ்டர்ஃபீல்ட் கவுண்டியில் வீடு வாங்கியதிலிருந்து சொத்து வரி ஏறுகிறது என்று ஆண்டு தவறாமல் புலம்புபவர் அவர். "அத்தான், எங்கள் கவுண்டி பட்ஜெட்டிலும் பெரிய பங்கு பள்ளிக்குத்தான் போகிறது" என்றார். அடுத்த ஆண்டும் புலம்பத்தான் போகிறார்.